கோழியைக் காக்கக் கம்பி கட்டினேன்… அம்மாவையே இழக்கப் பார்த்தேன்!

சில இதழ்களுக்கு முன்னால் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: 'கினிக்கோழி வளர்க்கிறேன். ராத்திரியில் கீரியும் காட்டுப்பூனையும் வந்து பிடித்துவிடுகின்றன. வேலியில் கரன்ட் விடலாமா?' அந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டேன். ஆனால், கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டேன். அதனால் என்ன நடந்தது, பிறகு எப்படிச் சரியான வேலி போட்டேன் என்பதை எழுதுகிறேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் யாராவது ஒருவர் கம்பியைக் கையில் எடுக்கும் முன் இதைப் படித்தால் போதும்.

எங்கள் தோட்டம் ஈரோடு மாவட்டம் அந்தியூர் பக்கம், பர்கூர் மலை அடிவாரத்தில் இருக்கிறது. மூன்றரை ஏக்கர். மஞ்சள், கொஞ்சம் வாழை, மாட்டுக்குச் சோளத்தட்டு. சுற்றிலும் என் தாத்தா காலத்துக் கிளுவை வேலி. நாட்டுக்கோழி எப்போதும் இருக்கும். 2021-ல் முதல் தடவையாக 30 கினிக்கோழிக் குஞ்சும், 200 ஜப்பானியக் காடைக் குஞ்சும் வாங்கி விட்டேன். காடைக்குச் சாளையை ஒட்டிக் கூண்டு அடித்தேன். கினிக்கோழி கூண்டில் நிற்காது. அது மேய வேண்டும், ஓட வேண்டும், பொழுது சாய்ந்தால் மரத்தில் ஏற வேண்டும். பாதி காட்டுப் பறவை அது. அதனால்தான் நோய் குறைவு, தீவனச் செலவும் குறைவு. அதனாலேயே காட்டு ஜீவன்களுக்கும் சுலபமாக அகப்படுகிறது.

யார் பிடித்தது என்று முதலில் பாருங்கள்

முதல் ஆறு மாதம் நன்றாகவே போனது. புதிய ஆள் யார் தோட்டத்துக்குள் வந்தாலும், தகரத்தைத் தரையில் போட்டு இழுப்பது போல எல்லாம் சேர்ந்து கத்தும். வீட்டில் தனியாகக் காவல் வேண்டாம் என்று சிரித்துக்கொள்வோம். பிறகு ஒவ்வொன்றாகக் குறைய ஆரம்பித்தது.

நான் எல்லாவற்றுக்கும் கீரிப்பிள்ளையைத்தான் திட்டினேன். அது தவறு. சாவைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்பது பல கோழிகளை இழந்த பிறகுதான் புரிந்தது. கழுத்திலோ தலையிலோ கடித்திருக்கும், உடம்பு அங்கேயே கிடக்கும் என்றால் பெரும்பாலும் கீரி அல்லது மரநாய். கோழியே காணாமல், வேலி ஓரமாக இறகு மட்டும் தடம் போலச் சிதறிக் கிடந்தால் காட்டுப்பூனை அல்லது நரி. ஒன்றையும் தின்னாமல் பத்துப் பதினைந்தைக் கடித்துப் போட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், நாய். முட்டை மட்டும் போகிறது, குஞ்சு ஒன்றிரண்டு குறைகிறது, ரத்தமே இல்லை என்றால் பாம்பாக இருக்கலாம். பட்டப்பகலில் குஞ்சு போனால் அண்ணாந்து பாருங்கள், வல்லூறு வட்டமிடும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் வருகிறது. கீரி அடியில் நுழையும். மரநாய் மேலே ஏறும். நாய் முட்டித் தள்ளும். ஆளைத் தெரியாமல் வேலி போட்டால் பணம் வீண்.

2022 ஐப்பசியில் ஒரே ராத்திரியில் 11 கினிக்கோழி செத்துக் கிடந்தன. எல்லாம் முட்டைக்கு வந்த பெட்டைகள். அன்றைக்கு என் மகள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

'ஒரே ஒரு கம்பிதானே பங்காளி…'

பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி சொன்னார்: "ஒரே ஒரு கம்பி சுத்திக் கட்டு பங்காளி. மோட்டார் ரூம்ல இருந்து ஒரு ஃபேஸ் குடு. நடுவுல அறுபது வாட்ஸ் பல்பு ஒண்ணைச் சேத்திப் போட்டுட்டா ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. ராத்திரி பத்து மணிக்குப் போடு, விடியக்காலம் எடுத்துரு." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு இன்னொருவர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எனக்கும் அது சரியாகவே பட்டது. மூன்று ராத்திரி போட்டேன். கோழி ஒன்றும் போகவில்லை. கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்தேன். என் வீட்டுக்காரிக்கு மட்டும் விஷயம் தெரியும். அம்மாவிடம் சொன்னால் திட்டும் என்று சொல்லவில்லை.

நான்காம் நாள் ராத்திரி மழை. மஞ்சள் காட்டில் தண்ணீர் வடியவிட்டு, வந்து படுக்க மணி இரண்டாகிவிட்டது. விடியற்காலை எழுந்து சுவிட்சை அணைக்கவில்லை. தூங்கிவிட்டேன்.

அம்மா நாலரை மணிக்கே எழுந்து கட்டுத்துறை கூட்டப் போகும். போகிற வழியில் எங்கள் நாய் மணி வேலி ஓரமாகப் படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறது. கூப்பிட்டிருக்கிறது, எழவில்லை. பாம்பு கடித்துவிட்டதோ என்று பதறி, காலைப் பிடித்து இழுக்கக் குனிந்திருக்கிறது. நாயின் வாய் கம்பியில் ஒட்டியிருந்தது. தரை சொதசொதவென்று ஈரம். அம்மா காலில் செருப்பும் இல்லை.

பால் கறக்கச் சொம்போடு வந்த என் வீட்டுக்காரி, "அத்தே… தொடாதீங்க!" என்று போட்ட சத்தத்தில்தான் நான் எழுந்தேன். சொம்பைத் தூக்கி அம்மா பக்கம் வீசியிருக்கிறாள். அது போய் விழுந்த சத்தத்தில் அம்மா திரும்பியது. கைக்கும் நாயின் காலுக்கும் இடையில் ஒரு சாண்தான் இருந்ததாம். நான் ஓடிப்போய் மெயினை இறக்கினேன். அப்புறம் அப்படியே மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து நிற்கக் காலில் பலம் இல்லை.

அம்மா என்னைத் திட்டவில்லை. மணியை வேப்பமரத்தடியில் புதைக்கும்போது மட்டும், "கோழிக்கு வெச்ச எமனை ஊட்டுக்கே வெச்சிருக்கறயே சாமி" என்று சொன்னது. அந்தக் கம்பியை அன்றைக்கே அறுத்துச் சுருட்டினேன்.

பல்பும் காப்பாற்றாது, ஃபியூஸும் காப்பாற்றாது

பிறகு ஒரு எலக்ட்ரீஷியன் தம்பி எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அறுபது வாட்ஸ் பல்பு வழியாக ஏறக்குறைய கால் ஆம்பியர் போகும். ஒரு மனிதனின் இதயத்தை நிறுத்த ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே தாராளம். அப்படியானால் பல்பு என்னத்தைக் காப்பாற்றும்? ஃபியூஸ் போய்விடும் என்று நினைப்பவர்களும் உண்டு. 5 ஆம்பியர் ஃபியூஸ் உருக வேண்டுமானால், ஆளைக் கொல்வதைப் போலப் பல மடங்கு மின்சாரம் பாய வேண்டும். ஆள் செத்த பிறகும் ஃபியூஸ் அப்படியே இருக்கும்.

இன்னொன்று, லைன் மின்சாரம் விடாமல் பாய்கிறது. தொட்ட கை இறுகிக்கொள்ளும். விட நினைத்தாலும் விட முடியாது. மணியின் வாய் கம்பியிலேயே இருந்ததற்குக் காரணம் அதுதான்.

நான்கைந்து மாதம் கழித்து, 2023 மார்ச்சில், தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே விவசாய நிலத்தில் இருந்த சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்துப்போன செய்தி வந்தது. கூட இருந்த இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்தன. பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு என் மோட்டார் ரூம்தான் கண்ணில் தெரிந்தது. எங்கள் பக்கமும் மலையிலிருந்து யானை இறங்குகிற இடம்தான். அந்த விவசாயிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? ஒரு சொம்பு விழுந்த சத்தம்தான் வித்தியாசம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். லைனிலிருந்து வேலிக்கு நேரடியாக மின்சாரம் கொடுப்பது குற்றம். இலவச மின்சாரம் என்றாலும் குற்றம்தான். மனித உயிர் போனால் ஜெயில். கீரி, காட்டுப்பூனை, மரநாய், நரி எல்லாமே 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. கோழியைத் தின்றது என்பதற்காக அவற்றைக் கொல்ல நமக்கு உரிமை இல்லை. 2023-ல் தமிழ்நாடு அரசு மின்வேலிகளுக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காட்டை ஒட்டியிருப்பவர்கள் முறையான சோலார் வேலி போடுவதானாலும் அனுமதி வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். நான் வனத்துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து வாங்கினேன். உங்கள் தோட்டம் காட்டுக்குப் பக்கம் என்றால் அதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

கொல்லாமல் விரட்டும் வேலி

முறையான மின்வேலிக்கு 'எனர்ஜைசர்' என்று ஒரு மெஷின் உண்டு. எங்கள் பக்கம் ஜட்கா மெஷின் என்பார்கள். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். பேட்டரியைச் சிறிய சோலார் பேனல் சார்ஜ் செய்யும். லைனுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. கம்பியில் ஐயாயிரம், எட்டாயிரம் வோல்ட் என்று காட்டும். கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் அந்த மின்சாரம் விடாமல் பாய்வதில்லை. ஒரு நொடிக்கு ஒரு துடிப்பு. அந்தத் துடிப்பும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம்தான். அடுத்த துடிப்பு வருவதற்குள் தொட்ட ஜீவன் விலகிவிடும். பலமான வலி, ஆனால் உயிருக்கு ஆபத்து இல்லை. வாங்கும்போது ஐ.எஸ். 302-2-76 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள். பெயர் இல்லாத மெஷின், உள்ளூரில் யாரோ கட்டிக் கொடுத்த மெஷின் வேண்டவே வேண்டாம்.

மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டது. "மறுபடியும் கரண்டாடா?" என்றது. நான் விளக்கிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, மொதல்ல நீ தொட்டுக் காட்டு சாமி" என்றது. இரண்டு கல்லுக்காலுக்கு நடுவில் கம்பி கட்டி, மெஷினை ஓடவிட்டு, அம்மா முன்னால் புறங்கையால் தொட்டேன். தோள்பட்டை வரை சுரீரென்று இழுத்து உதறியது. ஆனால் கை தானாக வெளியே வந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் அம்மா வழிவிட்டது. நீங்கள் இப்படித் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. அதற்கென்றே டெஸ்டர் கிடைக்கிறது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் வேலிப் பக்கமே போகக் கூடாது.

நான் போட்ட முறை

110 அடி நீளம், 80 அடி அகலம், சுமார் 20 சென்ட் இடம். சுற்றளவு 380 அடி. மூலைகளுக்குக் கல்லுக்கால், நடுவில் பத்தடிக்கு ஒரு மூங்கில்.

முதலில் கோழி வலை. தரைக்கு மேல் 5 அடி உயரம். கீழே ஒரு அடி வலையை வெளிப்பக்கமாகத் தரையில் விரித்து, மேலே கல் வைத்து மண் போட்டேன். கீரி வலை ஓரத்தில்தான் பறிக்கும். அங்கே பறித்தால் கீழேயும் வலை தட்டும், விட்டுவிடும். கீழ் இரண்டடிக்கு மட்டும் அரை அங்குலக் கண் உள்ள வலையைக் கூடுதலாகச் சேர்த்துக் கட்டினேன். குஞ்சு வெளியே போகாது, சிறு பாம்பைத் தவிர மற்றது உள்ளே வராது.

பிறகு மின்கம்பி. மூன்று வரிசை, எல்லாமே வலைக்கு வெளிப்பக்கம். முதல் கம்பி தரையிலிருந்து ஆறு அங்குலம், வலையிலிருந்தும் ஆறு அங்குலம் தள்ளி. இது கீரிக்கு. இரண்டாவது ஒன்றரை அடி உயரத்தில். இது நாய்க்கும் நரிக்கும். மூன்றாவது வலையின் தலைக்கு மேல் நாலு அங்குலத்தில், கொஞ்சம் வெளியே சாய்த்து. இது ஏறி வரும் மரநாய்க்கும் காட்டுப்பூனைக்கும்.

கம்பி வெளியே இருப்பதால் உள்ளே மேயும் கோழிக்கு ஷாக் இல்லை. வலையை எர்த்தோடு சேர்த்துவிட்டேன். இதுதான் முக்கியம். பங்குனி, சித்திரையில் மண் காய்ந்து போனால் தரை வழியாக மின்சாரம் திரும்பாது, வேலிக்கு வலு இருக்காது. வலையே எர்த்தாக இருந்தால், வலையைப் பிடித்து ஏறுகிற ஜீவன் மேல் கம்பியைத் தொட்ட உடனே அடி விழும். மண் காய்ந்திருந்தாலும் கவலை இல்லை.

எர்த்துக்கு ஆறடி ஜி.ஐ. ராடு மூன்று, பத்தடிக்கு ஒன்றாக, மாட்டுத்தொட்டித் தண்ணீர் வழியும் ஈரமான இடத்தில் அடித்தேன். மோட்டாரின் எர்த்திலிருந்து 33 அடிக்கு மேல் தள்ளியே இருக்க வேண்டும். பலர் மெஷினுக்குப் பணம் போட்டுவிட்டு எர்த்தில் மிச்சம் பிடிப்பார்கள். எர்த் சரியில்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்த மெஷினும் வேலை செய்யாது.

செய்யக் கூடாதவை மூன்று. முள்கம்பியில் மின்சாரம் விடவே கூடாது. மாட்டிக்கொண்ட ஆளாலோ மாட்டாலோ விலக முடியாது, அடி மேல் அடி விழும். ஒரே வேலிக்கு இரண்டு மெஷின் கொடுக்கக் கூடாது. தலைக்கு மேல் போகும் மின்லைனுக்குக் கீழே, அதே திசையில் கம்பியை இழுத்துக் கட்டக் கூடாது.

வழியை ஒட்டிய பக்கம் மஞ்சள் பலகையில் 'மின்வேலி – தொடாதீர்கள்' என்று எழுதி மாட்டினேன். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கையும் மின்னலும் படம் போட்டேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். பங்காளியையும் அழைத்துவந்து காட்டினேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. போகும்போது மெஷின் வாங்கிய கடையை மட்டும் விசாரித்துக்கொண்டு போனார்.

மெஷின், பேனல், பேட்டரி 14,500 ரூபாய். வலை 22,000. கம்பி, இன்சுலேட்டர், ராடு எல்லாம் 6,500. கல்லுக்காலும் மூங்கிலும் தோட்டத்திலேயே இருந்தன, வேலை நாங்களே செய்தோம். மொத்தம் 43,000. இது நான் கொடுத்த விலை. உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கும். அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் நாட்டுக்கோழியும் கினிக்கோழியுமாக நான் இழந்ததே 41 உருப்படி. மானியம் உண்டா என்று உங்கள் பகுதி வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். நான் கேட்காமலே வாங்கிவிட்டேன்.

நான் செய்த தவறுகள்

வேலி போட்ட முதல் மாதமே இரண்டு கோழி போனது. காரணம் எல்லாம் என் கவனக்குறைவு.

முதல் தவறு, இன்சுலேட்டருக்குப் பதில் சில இடங்களில் சைக்கிள் டியூப் துண்டு வைத்தேன். டியூப்பில் கரி கலந்திருப்பதால் இவ்வளவு வோல்டேஜில் மின்சாரம் கசியும். ஈர மூங்கில் வழியாகத் தரைக்குப் போய்விட்டது. மெஷினிலிருந்து வேலிக்கு வீட்டு ஒயரை இழுத்ததும் தவறுதான். அதன் மேலுறை இத்தனை வோல்ட்டைத் தாங்காது. மின்வேலிக்கென்றே உள்ள தடித்த கேபிள்தான் வேண்டும்.

இரண்டாவது, புல். மழைக்குப் பின் பத்தே நாளில் கோரையும் அருகும் கீழ்க் கம்பியைத் தொட்டுவிட்டன. ஏழாயிரம் காட்டிய டெஸ்டர் இரண்டாயிரத்துச் சொச்சம் காட்டியது. இப்போது வாரம் ஒருமுறை வேலியடியைச் செதுக்குகிறேன். எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. பழைய ரேடியோவில் மீடியம் வேவை வைத்து, நிலையம் எடுக்காத இடத்தில் நிறுத்தி, வேலி ஓரமாக நடங்கள். கசிவுக்குப் பக்கம் வரும்போது 'டக்… டக்…' என்று பலமாகக் கேட்கும். ராத்திரியில் விளக்கில்லாமல் நடந்தால் பொறி பறப்பதையும் பார்க்கலாம்.

மூன்றாவது, கேட். வேலியெல்லாம் பலமாக இருக்க, கேட்டுக்கு அடியில் மூன்று விரல் சந்து. கீரிக்கு அது போதும். இப்போது அங்கே பலகைக்கல் பதித்திருக்கிறேன்.

நான்காவது, மரம். முருங்கைக் கிளை ஒன்று வேலிக்கு மேல் உள்ளே நீட்டியிருந்தது. மரநாய் அதில் நடந்து வந்து, உள்ளே குதித்து, காரியத்தை முடித்துவிட்டது. கிளையை வெட்டினேன்.

கினிக்கோழியும் வேலியைத் தாண்டிப் பறக்கும். ஒரு பக்க இறக்கையின் நீண்ட இறகுகளை மட்டும் கத்தரித்தால் நேராகப் பறக்க முடியாது. இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும்போது மறுபடி கத்தரிக்க வேண்டும். புதிதாக வாங்கும் கினிக்கோழியை ஒரு மாதத்துக்குக் குறையாமல் உள்ளேயே அடைத்து வையுங்கள். தினமும் பொழுது சாயும்போது ஒரே சத்தம் கொடுத்துக் கம்பு போடுங்கள். சத்தம் கேட்டால் கொட்டகைக்கு வரப் பழகிவிடும். வேலி இருக்கிறதே என்று மரத்தில் தூங்கவிடாதீர்கள்.

மின்வேலி தடுக்காதவையும் உண்டு. வல்லூறு வானத்திலிருந்து வருகிறது. குஞ்சுகளுக்கு மேலே மீன்வலை கட்டியிருக்கிறேன், சிறு குஞ்சைக் கொடாப்பில்தான் கவிழ்க்கிறேன். பாம்பும் சில சமயம் வந்துவிடும். முட்டையை அன்றன்றே எடுத்துவிட்டால் அது வருவது குறையும். கீழ்க் கம்பியில் எப்போதாவது ஓணானோ தவளையோ மாட்டிச் செத்துக் கிடப்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவை விலகிப் போகத் தெரியாமல் அங்கேயே நின்றுவிடுகின்றன. அதனால் பகலில் கோழி மேயும்போது, நாங்கள் ஆள் இருக்கிற நேரத்தில், மெஷினை நிறுத்திவைக்கிறேன். இடி மின்னல் வந்தால் மெஷினைக் கழற்றி வைத்துவிடுவேன்.

இப்போது

ஒரு பின்நிலவு ராத்திரி, வேலி போட்டு மூன்று மாதம் இருக்கும். கினிக்கோழிகள் கத்த ஆரம்பித்தன. டார்ச் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டுப்பூனை. மூக்கை நீட்டிக் கம்பியை மோந்தது. வீலென்று கத்திக்கொண்டு ஒரே தாவாகத் தாவிக் கிளுவைக்குள் ஓடி மறைந்தது. அதன் பிறகு சுற்றுவட்டாரத்தில் அதன் கால்தடத்தைப் பார்த்திருக்கிறேன். வேலிப் பக்கம் மட்டும் பார்த்ததில்லை. செத்த பூனைக்குப் பதிலாக இன்னொரு பூனை வந்துவிடும். அடி வாங்கிய பூனை தானும் வராது, தன் எல்லைக்குள் இன்னொன்றையும் சுலபத்தில் விடாது. கொல்லாத வேலிதான் அதிகம் காக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இப்போது 64 கினிக்கோழிகள் இருக்கின்றன. கேட்டுச் சந்தும் முருங்கைக் கிளையும் அடைபட்ட பிறகு ராத்திரியில் ஒன்றுகூடப் போகவில்லை. பகலில் வல்லூறு எடுத்தது நாலு குஞ்சு.

ராத்திரி படுக்கும்போது மோட்டார் ரூமிலிருந்து மெஷின் சத்தம் 'டிக்… டிக்…' என்று நொடிக்கு ஒன்றாகக் கேட்கும். அந்தச் சத்தம் நின்றால் எனக்கு முன்னால் அம்மா எழுந்துவிடும். "சாமி, மிசினு நின்னுபோச்சு பாரு" என்று எழுப்பும். காலையில் கட்டுத்துறைக்குப் போகும்போது, வேப்பமரத்தடியில் மணியைப் புதைத்த இடத்தில் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் போகும். செருப்புப் போட்டுக்கொண்டுதான் போகிறது.

கேள்வி கேட்ட அந்த வாசகருக்கும், கேட்காமல் மனதில் வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான். மெஷின் வாங்கக் கையில் காசு இல்லையென்றால், காசு சேரும் வரை கோழியை ராத்திரியில் உள்ளே அடையுங்கள். பத்துக் கோழி போனாலும் போகட்டும், மறுபடி அடை வைத்துக்கொள்ளலாம். லைனிலிருந்து மட்டும் கம்பி இழுக்காதீர்கள். விடியற்காலை இருட்டில் அந்தக் கம்பிப் பக்கம் முதலில் நடந்து வரப்போவது கீரிப்பிள்ளை அல்ல, உங்கள் வீட்டு ஆள்.